யாரும் விட்டுப்போகாத வீடு

பாரிஸில், லாச்சப்பல் பகுதியில் ஒரு பள்ளிக்கூடக் கன்டீனில் எனக்கு வேலை. என்னோடு தட்டுக் கழுவிய பிரெஞ்சுக்காரிக்கு அறுபது வயது இருக்கும். பிள்ளைகள் சாப்பிட்டுப் போனதும் தொலைபேசியை அலுமாரியின் மேல் வைத்து அமெரிக்க நாட்டுப்புறத்துக் கன்ட்ரிப் பாட்டுகளைப் போடுவாள். சனிக்கிழமைகளில் ஒரு மண்டபத்தில் அந்தப் பாட்டுகளுக்கு வரிசையில் நின்று ஆடுகிறவள் அவள். எனக்கு ஆங்கிலம் தெரியாது. ஆனால் பாடுகிறவன் அழுகிறான் என்று விளங்கும்.

"இவனுக்கு என்ன நடந்தது?" என்று பிரெஞ்சில் கேட்பேன்.

"பெண்டாட்டி போய்விட்டாள். குடிக்கிறான்."

அடுத்த பாட்டிலும் பெரும்பாலும் அதுதான். எனக்குச் சிரிப்பு வரும். விட்டுப்போக ஆள் இருந்தவர்கள்தானே அழலாம் என்று நினைப்பேன்.

ஒருநாள் ஒரு பெண் பாடினாள். குரலில் அழுகையே இல்லை. யார் போனது என்று கேட்டேன்.

"இதில் யாரும் போகவில்லை. இருவரும் ஒரே மேசையில் சாப்பிடுகிறார்கள். உப்பை எடுத்துத் தா என்பதைத் தவிர வேறு பேச்சு இல்லை. அவ்வளவுதான் பாட்டு."

சவர்க்காரத் தண்ணீருக்குள் கையை வைத்தபடி நின்றுவிட்டேன். அது என் வீடு. பதினெட்டு வருடமாக அப்படித்தான். என் கணவர் குடிப்பதில்லை, அடித்ததில்லை. ரூ காய் தெருத் தமிழ்க் கடைக்காரர்களோடு வாய் ஓயாமல் சிரித்துப் பேசுவார். வீட்டுக் கதவைத் திறந்ததும் அந்தச் சிரிப்பு போய்விடும். அதற்கு என்ன பெயர் என்று தெரியாததால் நான் யாரிடமும் முறையிட்டதில்லை. அன்றைக்கு, அவரிடமே கேட்டுவிடுவது என்று முடிவு செய்தேன்.

ஞாயிற்றுக்கிழமை தேநீரை வைத்துவிட்டுத் தொலைக்காட்சியை நிறுத்தினேன்.

"என்னிலை உங்களுக்கு எப்பவாவது விருப்பம் இருந்ததோ?"

"இப்ப ஏன் உந்தக் கதை? பிள்ளையளும் வளந்திட்டினம்."

"கேட்டதுக்கு மறுமொழி சொல்லுங்கோ."

அவர் கோபிக்கவில்லை. கோப்பையைப் பார்த்தபடி சொன்னார்.

"அம்மா பாத்துச் சொன்னா, கட்டினன். உமக்கு ஒரு குறையும் வைக்கேல்லை."

"ஓம், வைக்கேல்லை."

அவர் திருப்பிக் கேட்டார். "உமக்கு என்னிலை இருந்ததோ?"

அதை நான் எதிர்பார்க்கவில்லை. எனக்கு நேர்ந்ததைப் பற்றியே யோசித்திருந்தேனே தவிர, அவருக்கும் அதுவே நேர்ந்திருக்கும் என்று ஒருபோதும் நினைத்ததில்லை.

"இல்லை," என்றேன்.

பிறகு வெகுநேரம் பேசினோம். கலியாணமான நாளிலிருந்து நாங்கள் பேசியதையெல்லாம் சேர்த்தாலும் அவ்வளவு வராது. பேசி முடித்ததும் நான் தனியாக இருக்கப் போகிறேன் என்று சொன்னேன். அவர் வேண்டாம் என்று சொல்லவில்லை.

மற்றவர்கள் சொன்னார்கள். என் அக்கா தொலைபேசியில், "அந்த மனிசன் என்ன பிழை செய்தவர்? சனம் என்ன கதைக்கும்?" என்று அழுதாள்.

"அவர் ஒரு பிழையும் செய்யேல்லை அக்கா. நானும் செய்யேல்லை. அதுக்காக இப்பிடியே கிடந்து சாகேலாது."

அவள் ஒரு மாதம் என்னோடு பேசவில்லை. நான் பின்வாங்கவும் இல்லை.

பாரிஸுக்கு வெளியே சென் தெனியில் ஓர் அறை வீடு கிடைத்தது. அடுத்த சனிக்கிழமையே பிரெஞ்சுக்காரியோடு அந்த மண்டபத்துக்குப் போனேன். சோடி தேவையில்லாத ஆட்டம் அது. முதல் நாள் எல்லாரும் இடப்பக்கம் திரும்ப நான் வலப்பக்கம் திரும்பி ஒரு கிழவரின் காலை மிதித்தேன். அடுத்த வாரமும் போனேன்.

வீடு மாறிய நாளில் என் அலுமாரியைத் தூக்கிக்கொண்டு வந்தவர் என் கணவர்தான். நான்கு மாடி, லிப்ட் இல்லை. மூச்சு வாங்க நின்று கதவைப் பார்த்தார்.

"பூட்டு சரியில்லை. நாளைக்கு வந்து மாத்தி விடுறன்."

"வேண்டாம். நானே மாத்திறன்."

தண்ணீர் கொடுத்தேன். குடித்துவிட்டுப் போனார். அன்று பின்னேரமே பூட்டு வாங்கி வந்தேன். பழைய பூட்டின் ஆணி ஒன்று கழல மறுத்தது. அது கழலும்வரை நான் எழும்பவில்லை.