ஒரே கையில் தூக்கிய கேக்

அண்ணி வீட்டிலேயே கேக் செய்து விற்பவர். ஆர்டர் கொடுக்க வருபவர்களுக்குக் காட்ட, தெர்மாகோலில் க்ரீம் பூசிய மாதிரி கேக் ஒன்றை ஹாலில் வைத்திருப்பார். முதல் கல்யாண ஆர்டருக்கு அச்சு அசலாக அதே மாதிரி இரண்டடுக்கு கேக் செய்து, அதன் பக்கத்திலேயே வைத்துவிட்டுக் குளிக்கப் போனார்.

அதற்குள் அண்ணன் மண்டபத்தில் கொடுத்துவிட்டு வந்தார்.

"ஒரே கையில தூக்கிட்டுப் போனேன். எல்லாரும் வாயைப் பிளந்துட்டாங்க."

அண்ணி ஹாலில் இருந்த கேக்கின் பின்பக்கத்தை அழுத்தினார். விரல் உள்ளே போனது. மண்டபத்துக்குப் போனது தெர்மாகோல்.

"வெட்டிட்டாங்களா?"

"இன்னும் இல்ல. ஏன்?"

"இதையும் தூக்குங்க. ஒரே கையில."

இரண்டு கையும் போதாமல் மறுபக்கத்தை நான் பிடித்தேன். மண்டபப் படியில் வாட்ச்மேன் அண்ணனைப் பார்த்துச் சிரித்தார்.

"என்ன சார், போன தடவை அசால்ட்டா தூக்கினீங்க?"

"அது டயட் கேக்ண்ணே" என்று சொல்லிவிட்டு, கத்தி வருவதற்குள் மாற்றிவைக்க முன்னால் ஓடினார் அண்ணி.