சாயம் என்று நினைத்த சிவப்பு

எங்கள் ஜிம்மி என்ன நிறம் என்று கேட்டால், அந்த வாரம் என்ன சாயம் போட்டோம் என்று யோசித்துத்தான் சொல்ல வேண்டும். பிறவியில் வெள்ளை. பிள்ளையார்பாளையத்தில் எங்கள் வீட்டுப் பின்கட்டில் பட்டு நூலைச் சோடாவும் சவுக்காரமும் போட்டு அவித்து, அலசி, சாயம் ஏற்றுவார்கள். கொட்டிய தண்ணீரில் ஊறிய மண் குளிர்ச்சியாக இருக்கும். நாய் அங்கேதான் படுக்கும். ஒரு நாள் வயிறு பச்சை, ஒரு நாள் மாம்பழ மஞ்சள்.

அதனால் வயிறு சிவந்தபோது ஒருத்தரும் கண்டுகொள்ளவில்லை. அரக்குச் சாயம் என்று சிரித்தோம். நானும்தான். முடி கொட்டி நீர் வடிந்த பிறகுதான் சாயம் இல்லை என்று உறைத்தது. உடனே எல்லாரும் வைத்தியரானார்கள். அம்மா கந்தகத்தை எண்ணெயில் குழைத்துப் பூசினாள். பெரியப்பா மண்ணெண்ணெய் ஊற்றினார். நாய் ஊளையிட்டது.

அப்பா முடிவே செய்துவிட்டார். "சொறி நாயி. கொழந்தைங்க இருக்கிற வூடு. வெள்ளிக்கிழம முனிசிபாலிட்டி வண்டி வருது, புடிச்சுக் குடுத்துடறேன்."

அந்த வண்டியில் ஏறிய நாய் எதுவும் திரும்பியதில்லை. தெருமுனையில் ஜட்கா ஓட்டும் பாயிடம் ஓடினேன்.

"நான் இன்னா டாக்டரா? எனக்குக் குதிரைதாம்மா தெரியும்."

"குதிரைக்கும் தோலுதான பாய்?"

சிரித்துக்கொண்டே வந்தார். வயிற்றைப் பார்க்கவே இல்லை. முதலில் காது ஓரம். பிறகு முழங்கை, முதுகு, வால். தறிப் பாவில் அறுந்த இழையைத் தேடுகிற மாதிரி விரலால் தேடினார். கடைசியில் நாயைப் புரட்டி, ஈரத் துணியால் வயிற்றை ஒற்றினார். துணியில் நிறமே ஏறவில்லை.

"சொறின்னா காது ஓரத்த வுடாதும்மா. இதுக்குத் தரையில படற எடம் மட்டும்தான் வெந்துகீது. எங்க படுக்குது?"

பின்கட்டைக் காட்டினேன். குனிந்து மண்ணை எடுத்து விரலிடுக்கில் தேய்த்தார். "வழவழன்னு கீது பாரு. சோடா. இதான் தோலத் தின்னுது."

ஏகாம்பரநாதர் கோயில் தேர் அசையும்போதுகூட எனக்கு அப்படி மயிர் கூச்செறிந்ததில்லை. யாரும் எதுவும் சொல்லாமல், தொட்டுப் பார்த்தே ஒரு மனிதர் கண்டுபிடித்துவிட்டார்.

"இன்னா பாய், நாய்க்கு ஜோசியமா?" என்றார் அப்பா.

"பதினஞ்சு நாளு இங்க வுடாதபா. வெறும் தண்ணில கழுவு, எதையும் பூசாத. ஆறலேன்னா நானே புடிச்சு வண்டில ஏத்தறேன்."

திரும்பும்போது பாய் நின்றார். அண்டா பக்கத்தில் சித்தி வெறுங்காலோடு அதே ஈரத்தில் நின்று நூலைப் புரட்டிக்கொண்டிருந்தாள். அவள் காலைப் பார்த்தார். வாயைத் திறந்தார். அப்பா "இன்னா?" என்றார். "ஒண்ணுமில்ல" என்று போய்விட்டார்.

வெள்ளிக்கிழமை வண்டி வந்தபோது வாசலில் ஜிம்மியைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அப்பா அதன் வயிற்றைப் பார்த்தார். புண் காய்ந்திருந்தது. உள்ளே போனார். அடுத்த மாதம் வெள்ளை முடி முளைத்தது.

சித்தியின் கால்விரல் இடுக்குகளிலும் அதே சிவப்புதான். வேலை முடிந்ததும் தேங்காய் எண்ணெய் தடவி, காலைத் தரையில் தேய்த்துக்கொண்டே இருப்பாள். "இன்னா சித்தி, அரக்கா?" என்று கேட்பேன். அவளும் சிரிப்பாள்.

நாயைக் காய்ந்த இடத்துக்கு மாற்றிக் காப்பாற்றினேன் என்று தெரு முழுக்கச் சொல்லித் திரிந்தேன். பாய் எதற்காக வாயைத் திறந்தார் என்று ஒரு முறைகூடக் கேட்கவில்லை.