வீடு திரும்பிய குதிரை

மாக்கோ நகரச் சந்தைக்குள் பான்ஃபி லோராந்த் நுழைகிறார் என்றால் வெங்காயக்காரிகள் முதலில் தராசைத் துடைப்பார்கள், அப்புறம்தான் வணக்கம் சொல்வார்கள். எடைக்கற்களைச் சோதிக்கும் ஆய்வாளர் அவர். இருபத்தாறு வருடமாக அதே வேலை. கல்லைத் திருப்பி, அடியைக் குடைந்திருக்கிறார்களா என்று விரலால் தடவுவார். தட்டுக்குக் கீழே மெழுகு ஒட்டியிருக்கிறதா என்று குனிந்து பார்ப்பார். எல்லாம் ஒழுங்காக இருந்துவிட்டால் மனிதருக்கு முகமே வாடிவிடும். "என்ன பண்ணியிருக்கான்னு எனக்கு இன்னும் பிடிபடல, அவ்வளவுதான்" என்று முனகிக்கொண்டே முத்திரை குத்துவார்.

இந்தப் புத்தியை அவர் அலுவலகத்தில் கழற்றி மாட்டிவிட்டு வந்ததில்லை. கடிகாரம் சரியாக ஓடினாலும் ரயில் நிலையத்துக்குப் போய் ஒப்பிட்டுப் பார்ப்பார். மனைவி எடெல் ஊறுகாய் ஜாடியை இடம் மாற்றி வைத்தால் காரணம் கேட்பார். "தூசி தட்டினேன் லோராந்த். தூசிக்குக் கூடவா ஒரு சதி இருக்கும்?" என்பாள் அவள்.

இப்படிப்பட்ட ஆளுக்குத் தபால் சதுரங்கம் எப்படிப் பிடித்தது என்று ஊரில் பலர் கேட்டதுண்டு. முகம் தெரியாத ஒருவனோடு, தபால் அட்டைக்கு ஒரு நகர்த்தலாக, ஒன்றரை வருடம் ஆடுவது. கேட்டவர்களுக்கு விஷயம் புரியவில்லை. அட்டையில் தேதி இருக்கிறது, அஞ்சல் முத்திரை இருக்கிறது, யோசிக்க எடுத்த நாட்களைச் சேர்த்துக் கணக்கிட விதி இருக்கிறது. எதிராளி பொய் சொன்னால் முத்திரை காட்டிக்கொடுத்துவிடும். லோராந்துக்கு வேறென்ன வேண்டும்?

அவர் ஒருவரை மட்டும் சோதித்துப் பார்த்ததில்லை. அது செபெஷி விடோர். தேவாலயத் தெருவில் மூக்குக் கண்ணாடிக்கடை வைத்திருந்தவர். மெலிந்த, கேலிக்கார மனிதர். இருபத்தைந்து வருடமாக வியாழக்கிழமை மாலைகளில் ரயிலடிக் காபிக்கடையின் ஜன்னலோர மேசையில் இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்து ஆடினார்கள். சோடா கலந்த ஒயின் ஆளுக்கொரு கோப்பை, நடுவில் ஒரு தட்டு பொகாச்சா, பன்றிக்கொழுப்பு சேர்த்துச் சுட்ட குட்டி ரொட்டிகள். லோராந்தின் மூக்கில் இருந்த கண்ணாடியும் விடோர் தீட்டிக் கொடுத்ததுதான்.

லோராந்திடம் ஒரு ரகசியம் இருந்தது. ஒரு தொடக்க ஆட்டத்தின் பதினோராவது நகர்த்தல். முன்னால் பாய்ந்து வந்து ஜம்மென்று நிற்கும் வெள்ளைக் குதிரையை, ஒருவரும் துரத்தாமலே, புறப்பட்ட கட்டத்துக்கே திருப்பி அனுப்புவது. பார்க்கிறவனுக்குப் பைத்தியக்காரத்தனமாகத் தெரியும். ஆனால் குதிரை விலகியதும் ராணிக்கு வழி திறக்கும், பின்னால் நிற்கும் சிப்பாய்க்கும் வழி திறக்கும். எந்தப் புத்தகத்திலும் இல்லை என்று லோராந்த் சத்தியம் செய்வார். 1958 இலையுதிர் காலத்தில், மஞ்சள் காமாலையில் படுத்து எழுந்த வருடம், சவரம் பண்ணிக்கொண்டிருந்தபோது பளிச்சென்று வந்ததாம். பாதி சோப்பு முகத்தோடு கண்ணாடிக்கடைக்கு ஓடி விடோரிடம் மட்டும் காட்டினார். விடோர் பலகையை நெடுநேரம் பார்த்துவிட்டு, "அழகா இருக்குடா. பத்திரமா வச்சுக்கோ" என்றார். அடுத்த வியாழன் அதற்குக் கறுப்பின் சரியான பதிலையும் விடோரே கண்டுபிடித்துக்கொண்டு வந்தார். ஓரத்துச் சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளுவது. வேறு எதை ஆடினாலும் கறுப்பு செத்தது.

அதற்குப்பின் பதினோரு வருடம் அந்த நகர்த்தல் ஒரு பச்சை நோட்டுப் புத்தகத்தில் காத்திருந்தது. சாதாரண ஆட்டத்தில் அதைச் செலவழிக்க லோராந்துக்கு மனம் வரவில்லை. 1969இல் தேசிய தபால் சதுரங்கப் போட்டியின் அரையிறுதிக்கு வந்தார். ஷோப்ரோன் நகரத்தில் கால்நடை மருத்துவராக இருந்த ரோஸ்கோனியை வென்றால் இறுதிச் சுற்று. மார்ச் மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, குதிரையை வீட்டுக்கு அனுப்பி அட்டையைத் தானே கொண்டுபோய்ப் பெட்டியில் போட்டார்.

ரோஸ்கோனி நிதானப் பேர்வழி. எதற்கும் ஒரு வாரமாவது யோசிப்பார். இந்த முறை செவ்வாய்க்கிழமையே பதில் வந்துவிட்டது. அட்டை கைக்குக் கிடைத்த அன்றே எழுதிப் போட்டிருக்கிறார் என்று முத்திரை சொன்னது. பதில்: ஓரத்துச் சிப்பாய், இரண்டு கட்டம்.

லோராந்த் அட்டையைப் பிடித்தபடி சமையலறையில் நின்றார்.

"மாடு யாருதாவது செத்துப்போச்சா?" என்றாள் எடெல். மருத்துவரின் அட்டை என்றால் அவள் கேட்கும் வழக்கமான கேள்வி அது.

"என் நோட்டை யார் தொட்டது?"

"எந்த நோட்டு?"

"பச்சை நோட்டு."

"ஐயோ, அந்தக் கிறுக்கலா! அத எடுத்து நான் நூடுல்ஸ் செய்யவா?"

அவளைச் சந்தேகப்பட வேண்டியதில்லை என்று அவருக்கே தெரியும், ஏனென்றால் நோட்டின் பக்கங்களுக்கு நடுவே காய்ந்த வெங்காயத் தோல் ஒன்றை வைத்திருந்தார். யாராவது புரட்டினால் நொறுங்கிவிடும். போய்ப் பார்த்தார். தோல் முழுசாக இருந்தது. அப்படியானால் உலகத்தில் இந்தப் பதிலை அறிந்தவர் இன்னும் ஒரே ஒருவர்தான். அந்தப் பெயரை நினைக்கக்கூட அவருக்கு வலித்தது. ஆனால் நினைத்தார். நாலு வருடத்துக்கு முன் இதே போட்டியில் முதல் சுற்றிலேயே விடோர் தோற்றுப்போனது நினைவுக்கு வந்தது. அன்று விடோர் சிரித்த சிரிப்பும் நினைவுக்கு வந்தது. பொறாமையை மறைக்க, கொஞ்சம் அதிகமாகச் சிரித்த சிரிப்பு என்று இப்போது பட்டது.

ஆதாரம் இல்லாமல் குற்றம் சாட்டுகிற ஆய்வாளர் அல்ல அவர். எடைக்காரர்களைப் பிடிக்க அவரிடம் ஒரு பழைய உத்தி உண்டு. தானே ஒரு பொய்யான கல்லைப் புழக்கத்தில் விட்டு, அது எங்கே போய்ச் சேருகிறது என்று பார்ப்பது. வியாழக்கிழமை காபிக்கடையில் பொகாச்சாவைக் கடித்தபடி, ஒன்றும் நடக்காதது போல ஆரம்பித்தார்.

"இப்ப மந்திரியைக் கொண்டுவந்திருக்கேன். அதுக்கடுத்து என் ஓரச் சிப்பாயை அவனோட சிப்பாய்க்கு நேரா தள்ளி அடைச்சிடலாம்னு பாக்கறேன். யார்கிட்டயும் சொல்லாத."

முழுப் பொய். அவர் திட்டம் வேறு. விடோர் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு அவரையே பார்த்தார். வழக்கமாக உடனே ஒரு கிண்டல் வரும். அன்று வரவில்லை.

"அது உனக்கா தோணிச்சா?" என்றார்.

"பின்ன யாருக்குத் தோணும்?"

"இல்ல, சும்மா கேட்டேன்" என்று விடோர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். திருடன் முழி என்றால் இதுதான் என்று லோராந்த் மனதில் குறித்துக்கொண்டார்.

பத்து நாள் கழித்து ரோஸ்கோனியின் அட்டை வந்தது. பன்னிரண்டாவது நகர்த்தலுக்குப் பதில். அதன் கீழே, தபால்காரனுக்கு வேலை குறைய ஆட்டக்காரர்கள் சேர்த்து எழுதும் 'ஒருவேளை' வரி: ஒருவேளை நீங்கள் ஓரச் சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளினால், என் பதில் இது.

பொய்யான கல் ஷோப்ரோன் வரைக்கும் போய்த் திரும்பி வந்துவிட்டது. இதற்கு மேல் என்ன ஆதாரம் வேண்டும்? அடுத்த வியாழக்கிழமை காபிக்கடை நிறைந்திருந்த நேரத்தில், உட்காராமலே, இரண்டு அட்டைகளையும் விடோரின் முன்னால் வைத்தார்.

"எத்தனை நாளா அவனுக்கு எழுதற?"

"யாருக்கு?"

"நடிக்காத. என் ரகசியத்தை வித்துட்ட. அந்தப் பதில் தெரிஞ்சவன் உலகத்துல நீ ஒருத்தன்தான். அடுத்த நகர்த்தல்னு நான் சொன்னது பொய். உன்னைப் பிடிக்கத்தான் சொன்னேன். அதுவும் அங்க போயிருக்கு."

சீட்டாடிக்கொண்டிருந்தவர்கள் சீட்டைக் கவிழ்த்து வைத்துவிட்டுத் திரும்பினார்கள். விடோர் அட்டைகளைப் படித்தார். அவர் முகம் சிவந்து, பிறகு வெளுத்தது. எதையோ சொல்ல வாயைத் திறந்தார். சுற்றியிருந்த முகங்களைப் பார்த்தார். வாயை மூடிக்கொண்டார்.

"நான் யாருக்கும் எழுதல லோராந்த்."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

விடோர் தொப்பியை எடுத்துக்கொண்டு வெளியே போனார். பிறகு அவர் அந்தக் கடைப்பக்கம் வரவில்லை. ஊர் வாய் சும்மா இருக்குமா? கூட்டாளியின் முதுகில் குத்தியவன் என்று பேச்சு பரவியது. லோராந்தின் கண்ணாடியில் திருகு ஒன்று கழன்றபோது அவர் ரயிலேறி செகெட் நகரத்துக்குப் போய் மாட்டிக்கொண்டு வந்தார். "நாலு வீடு தள்ளி இருக்கற கடைக்குப் போக முடியாம ரயிலா?" என்று எடெல் கேட்டாள். அவர் வியாழக்கிழமைகளில் வீட்டிலேயே உட்கார்ந்து, பழைய ஆட்டங்களை எடுத்து, விடோர் எங்கெங்கே விட்டுக்கொடுத்துத் தோற்றிருக்கிறார், ஏன் விட்டுக்கொடுத்தார் என்று துருவிக்கொண்டிருந்தார். எங்கே கைவைத்தாலும் சந்தேகம்தான் வந்தது.

ஆட்டம் மறு வருடம் ஜனவரியில் சமனாக முடிந்தது. இறுதிச் சுற்று கைநழுவிப் போனது. முடிந்த கையோடு ரோஸ்கோனி அட்டைக்குப் பதிலாக ஒரு கடிதமே எழுதியிருந்தார்.

"மதிப்புக்குரிய ஐயா, தங்கள் பதினோராவது நகர்த்தலைக் கண்டதும் எனக்கு ஒரே குதூகலம். என் தந்தை சேர்த்துவைத்த பழைய சதுரங்க இதழ்களில், 1931 நவம்பர் இதழில், உங்கள் ஊரிலிருந்து ஒரு பத்தொன்பது வயது இளைஞர் எழுதிய கடிதத்தில் இது இருக்கிறது. கறுப்பின் பதிலும் இருக்கிறது. பிறகு மந்திரி, அதற்குப் பிறகு வெள்ளையின் ஓரச் சிப்பாய் என்று அவர் பரிந்துரைத்திருந்தார். ஆகையால்தான் அவ்வளவு சீக்கிரம் பதில் எழுதினேன். ஊர்க்காரருக்கு மரியாதை செய்கிறீர்கள் என்று எடுத்துக்கொண்டேன். செபெஷி விடோர் இன்னும் இருக்கிறாரா? இருந்தால் என் வணக்கத்தைச் சொல்லுங்கள்."

லோராந்த் கடிதத்தை மூன்று முறை படித்தார். வழக்கப்படி முத்திரையையும் பார்த்தார். பிறகு நாற்காலி போட்டு ஏறி அலமாரி உச்சியிலிருந்து இதழ்க்கட்டு ஒன்றை இறக்கினார். காமாலையில் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது பொழுதுபோக்குக்காக விடோர் கொண்டுவந்து கொடுத்த பழைய இதழ்கள். காய்ச்சலில் எதைப் படித்தோம், எதைக் கனவு கண்டோம் என்று தெரியாமல் படித்தவை. பதினோரு வருடமாகத் திருப்பிக் கொடுக்கவில்லை. நவம்பர் இதழில், முப்பத்தி நாலாம் பக்கத்தில், எல்லாம் இருந்தது. குதிரை, சிப்பாய், மந்திரி, அவர் விடோரைப் பிடிப்பதற்காகச் சொன்ன அந்தப் பொய் உட்பட. பொய்யைக்கூட அவர் சொந்தமாகச் சொல்லவில்லை.

எடெல் வந்து பார்த்தபோது அவர் நாற்காலிமேலேயே உட்கார்ந்திருந்தார். "திருடன் நான்தான்" என்றார். அவள் அவருடைய கோட்டைக் கொண்டுவந்து கொடுத்தாள்.

கண்ணாடிக்கடையில் விடோர் தலை நிமிர்ந்து பார்த்தார். "வாங்க. என்ன பழுது உங்களுக்கு?" என்றார். இருபத்தைந்து வருடமாக டா போட்டுப் பேசிய வாய். லோராந்த் இதழ்க்கட்டை மேசைமேல் வைத்தார்.

"ஏன் சொல்லல?"

விடோர் கண்ணாடி வில்லை ஒன்றைத் துடைத்துக்கொண்டே இருந்தார். கொஞ்ச நேரத்தில், 'நீங்க' மறந்துபோய்விட்டது அவருக்கு.

"காமாலைல செத்துப் பிழைச்சு வந்த. ஆறு மாசமா உன் மூஞ்சில சிரிப்பே இல்ல. அன்னிக்கு சோப்பு நுரையோட ஓடி வந்து நின்ன. அந்தச் சிரிப்பைப் பாத்துட்டு, டேய் இது என்னோடதுடான்னு எப்படிச் சொல்றது? அப்புறம் சொல்லிக்கலாம்னு இருந்தேன். அப்புறம் நாளாயிடுச்சு."

"காபிக்கடைல? அத்தனை பேர் முன்னாடி நான் கத்தினப்ப?"

"அங்க சொல்லியிருந்தா அத்தனை பேர் முன்னாடி நீ திருடன் ஆயிருப்ப." விடோர் வில்லையைக் கீழே வைத்தார். "உனக்கு அது தாங்காது. எனக்குத் தாங்கும்னு நினைச்சேன். தாங்கல."

லோராந்த் தொப்பியைக் கழற்றினார். மன்னிப்புக் கேட்டார். விடோர் தலையசைத்தார். அது சரி என்றா, போ என்றா என்று தெரியவில்லை. "கதவைச் சாத்திட்டுப் போங்க, குளிர் வருது" என்றார்.

அன்றே லோராந்த் சதுரங்க இதழுக்கு எழுதினார். அந்த நகர்த்தல் 1931 நவம்பரில் செபெஷி விடோர் வெளியிட்டது, தான் அறியாமல் அதைத் தன்னுடையது என்று நம்பியதோடு, அவர்மேல் பழியும் சுமத்தியதாக. ஏப்ரலில் ஆறு வரி அச்சானது. அதை அவர் காபிக்கடையில் எழுந்து நின்று உரக்கப் படித்தார். சீட்டாட்டக்காரர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

பிறகு ஒவ்வொரு வியாழனும் ஜன்னலோர மேசையில் காய்களை அடுக்கி, எதிரே ஒரு கோப்பையும் வைத்து உட்கார்ந்திருந்தார். ஒரு வியாழன் போனது. மூன்று போயின. விடோர் தலையசைத்ததற்கு என்ன அர்த்தம், மன்னித்தாரா, மன்னித்தது போல நடித்தாரா என்று மனம் குடைந்தது. அதை அடக்குவதே பெரும் பாடாக இருந்தது.

ஐந்தாவது வியாழன் விடோர் வந்தார். உட்காரவில்லை. கையில் அந்த ஏப்ரல் இதழ்.

"தப்பாப் போட்டிருக்கீங்க. அது நவம்பர் இல்ல. அக்டோபர்" என்றார்.

லோராந்த் நிமிர்ந்தார். நவம்பர் என்று அவர் கண்ணால் பார்த்திருக்கிறார். இதழின் மேலட்டையில் பார்த்தார், உள்ளே பார்த்தார், கடிதத்திலும் பார்த்தார். ஆனால் கட்டு இப்போது விடோரிடம் இருக்கிறது, எடுத்துப் பார்க்க வழியில்லை. விடோருக்கு மறதியா? அல்லது கேலியா? இதற்குள் என்ன வைத்திருக்கிறார்? கல்லைத் திருப்பிப் பார்க்கும் விரல் மேசைக்கடியில் துடித்தது. கடைக்கே போய் அந்த இதழைப் பிரித்துப் பார்த்துவிடலாமா என்றுகூடத் தோன்றியது. விடோர் நின்றபடியே காத்திருந்தார்.

"சரி. நீ சொன்னா அக்டோபர்தான்" என்றார் லோராந்த். "திருத்தி எழுதிடறேன்."

விடோர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, கோப்பையைத் தன் பக்கம் நகர்த்திக்கொண்டார்.

"நவம்பர்தான்டா" என்றார். "ஆடு."