அம்சவள்ளிக்குத் துணையாக வந்தவர்கள்

பூலாம்பாடி அய்யம்பெருமாளின் இளைய மகள் அம்சவள்ளி எம்.ஏ. முடித்துவிட்டு எம்.ஃபில். படிக்கத் திருச்சிக்குப் போனது 1986-ல். அவர்கள் தெருவில் அதற்கு முன் எந்தப் பெண்ணும் அந்தப் படியைத் தொட்டதில்லை. பாடம்தான் யாருக்கும் பிடிபடவில்லை. பொருளாதாரம், சமூகவியல், வரலாறு என மூன்று துறைக்காரர்களும் சேர்ந்து, ஆணுக்கும் பெண்ணுக்கும் வேலையும் கூலியும் எப்படிப் பிரிகிறது என்று படிக்க வைத்தார்கள்.

"இதுக்கு எதுக்குடி திருச்சி? நம்ம அடுப்பங்கரையில நின்னு பார்த்தா தெரியாதா?" என்றாள் ஐந்தாவதோடு நின்றுவிட்ட அக்கா பூமாலை. ஆனால் பக்கத்து வீட்டுக்காரியிடம், "எந்தங்கச்சி மூணு பாடத்தை ஒண்ணாப் படிக்கிறா" என்று சொல்லாத நாள் கிடையாது.

ஆய்வுக்காக ஊர் ஊராகப் போய்ப் பெண்களிடம் பேச வேண்டியிருந்தது. அய்யம்பெருமாள் ஒன்றே ஒன்றுதான் சொன்னார். "வயசுப் பொண்ணு தனியாப் போகக் கூடாது. மாமன் கூட வரட்டும்."

அம்மாவின் தம்பி மாயவன் நல்ல மனுஷர். வாய்தான் கொஞ்சம் நீளம். கடலைக் காட்டில் களை எடுத்துவிட்டு வந்து நிற்கிற பெண்ணிடம் அம்சவள்ளி, "நீங்க என்ன வேலை பாக்குறீங்கக்கா?" என்று கேட்பாள். அந்தப் பெண் மாயவனைப் பார்த்துவிட்டுச் சேலைத் தலைப்பை இழுத்துக்கொள்வாள். உள்ளேயிருந்து புருஷன் வந்து, "அவ வூட்டுல சும்மாதாங்க இருக்கா" என்பான்.

"எழுதிக்கம்மா. சும்மா" என்பார் மாயவன்.

அலைந்து திரிந்து கொண்டுபோன தாள்களைப் பேராசிரியை செங்கமலம் புரட்டிப் பார்த்தார். "இதுல ஒரு பொம்பளையோட பேச்சுகூட இல்லையேம்மா. பங்குனிக்குள்ள கொடுக்கலேன்னா உன் பேரை எடுத்துருவாங்க."

மாமன் வந்தால் ஆய்வு கிடையாது. மாமன் வராவிட்டால் வாசல்படியே தாண்ட முடியாது. அம்சவள்ளி அழுதாள்.

"சிறுவாச்சூருக்குப் போயேன்டி" என்றாள் பூமாலை.

சிறுவாச்சூர் காளி கோயில் திங்களும் வெள்ளியும்தான் திறக்கும். மாவிளக்குப் போடுகிறவர்கள் ஊறவைத்த அரிசியை அங்கேயே உரலில் இடிப்பார்கள். உரலைச் சுற்றிப் பெண்கள் கூடிவிட்டால் ஆண்கள் டீக்கடைப் பக்கம் ஒதுங்கிவிடுவார்கள். மாயவனும் ஒதுங்கினார். அம்சவள்ளி ஒரு உலக்கையை வாங்கிக்கொண்டாள்.

"யாருக்கு பாப்பா வேண்டுதல்?" என்று கேட்டாள் எதிரே இடித்துக்கொண்டிருந்த அம்மாக்கண்ணு.

"எனக்குத்தாங்க்கா. நீங்க காட்டு வேலைக்குப் போவீங்களா?"

"போகாம? ஒரே காட்டுல ஒரே வெயில்லதான் நானும் எங்க வூட்டுக்காரரும் நிக்கிறோம். அவரு கூலியும் அவரு மடியில, எங்கூலியும் அவரு மடியில."

"மடியில எங்கடி தங்குது? சீட்டுக்கட்டுல போயிடுது!" என்றாள் பக்கத்திலிருந்தவள். சிரிப்பில் உலக்கைகள் தாளம் தப்பின.

மாவுக் கையால் எழுத முடியாது. கேட்டதையெல்லாம் மனசில் வாங்கி வீட்டுக்கு வந்து எழுதினாள். மார்கழி வரை ஒரு திங்கள்கிழமை, ஒரு வெள்ளிக்கிழமைகூடத் தவறவில்லை. மாயவன் பூரித்துப் போனார்.

"மச்சான், பொண்ணு எதுக்கு இப்படி விடாம மாவிளக்குப் போடுது? கல்யாணத்துக்குத்தான். வாய்விட்டுச் சொல்லக் கூச்சப்படுது" என்றார் அய்யம்பெருமாளிடம்.

தை பிறந்ததும் மீன்சுருட்டி ராசாங்கத்துக்குப் பேசி முடித்தார்கள்.

"படிப்பை முடிச்சுக்கிறேன்பா."

"ஆத்தா கொடுத்த வரம்மா. வேணாங்கக் கூடாது."

கோயிலுக்குப் போன காரணத்தைச் சொல்லியிருக்கலாம். சொன்னால் எழுதி வைத்த தாள்கள் அடுப்புக்குப் போயிருக்கும். வாயை மூடிக்கொண்டு கழுத்தை நீட்டினாள்.

மீன்சுருட்டியில் மாமியார் கண்ணயரும் மத்தியானங்களில் மீதியை எழுதினாள். ராசாங்கம் தடுக்கவில்லை. பங்குனியில் ஆய்வேட்டைக் கொடுக்கப் போனபோதும், ஆனியில் வாய்மொழித் தேர்வுக்குப் போனபோதும், "நானும் கூட வரேன்" என்று கிளம்பிவிட்டான்.

தேர்வுக்கு வெளியூரிலிருந்து வந்திருந்த சிவசுப்பிரமணியன் கண்ணாடியைக் கழற்றினார். "பொம்பளைங்க இவ்வளவு மனசு விட்டுப் பேசி நான் படிச்சதில்ல. குடும்பத்தையும் பாத்துக்கிட்டு எப்படிம்மா எழுதினே?"

அம்சவள்ளி வாயைத் திறப்பதற்குள் பின்பெஞ்சிலிருந்து ராசாங்கம் எழுந்தான். "வூட்டுல சும்மாதாங்க சார் இருந்தா."

செங்கமலம் பேனாவைக் கீழே வைத்தார். அம்சவள்ளி திரும்பிப் பார்க்கவில்லை.

"முதல் அத்தியாயத்துலயும் இந்தப் பதில்தாங்க சார் இருக்கு" என்றாள்.

பட்டம் கிடைத்தது. பூலாம்பாடியில் பூமாலை வீடு வீடாகச் சர்க்கரை கொடுத்தாள். அதைப் பார்க்க அம்சவள்ளி வரவில்லை. மாடு கறக்க ஆளில்லை என்று ராசாங்கம் திருச்சியிலிருந்து அடுத்த பஸ்ஸிலேயே அவளை மீன்சுருட்டிக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டான்.