நின்ற காருக்கு அடியில்

நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம். ஆனால் இது நடந்தது. ஜப்பானின் வடகோடியில், ஒகோட்ஸ்க் கடலோரத்தில், சிப்பி உடைக்கும் கூடத்தில் என் பக்கத்து மேசையில் நிற்கும் மிசாவோவுக்கு நடந்தது. அதுவும் பகலில். பேய் வர இருட்டு வேண்டும் என்று சொல்பவர்கள் எங்கள் ஊர்ப் பிப்ரவரிப் பகலைப் பார்த்ததில்லை.

மிசாவோவின் கணவன் ரியோஹெய் செத்து இரண்டு குளிர்காலம் ஆகிவிட்டது. அவன் விட்டுப்போன ஒரே சொத்து, கத்தரிப்பூ நிறத்தில் ஒரு பழைய கார். அவள் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிச் சேர்த்ததையெல்லாம் அதில் கொட்டி, ஸ்பிரிங்கை வெட்டி, தரையோடு தரையாக இறக்கி வைத்திருந்தான். ஒரு சிகரெட் பெட்டியை நிமிர்த்தி வைத்தால் காருக்கு அடியில் நுழையாது. அதில் அவனுக்கு அப்படி ஒரு பெருமை. கோடையில் சரி, இருக்கட்டும். இங்கே வருடத்தில் ஐந்து மாதம் பனி. காரின் மூக்கு பனியை வாரிக்கொண்டே போகும். அடிப்பக்கம் வழி முழுக்க உரசிக்கொண்டே வரும். கர்ர்... கர்ர்... பல் கூசும் சத்தம்.

அந்தக் காரிலேதான் அவன் செத்தான். பனிப்புயலில் மாட்டிக்கொண்டு, ஹீட்டருக்காக என்ஜினை ஓடவிட்டுத் தூங்கிவிட்டான். பின்னால் புகைக்குழாயைப் பனி மூடியது. வெளியே போக வேண்டிய புகை உள்ளே வந்தது. காருக்கு ஒரு கீறல்கூட இல்லை.

"இத வித்துட்டு வேற ஏதாச்சும் ஒண்ணு வாங்கலாம் அத்தே" என்று மிசாவோ கேட்டுப் பார்த்தாள்.

மாமியார் தோமெ சாமி மாடத்துக்கு முன்னாலிருந்து திரும்பக்கூட இல்லை. "எம்புள்ள உசுரா வச்சிருந்த வண்டி. உசுரு போனதும் அதுலதான். விக்கணுமாம்ல!"

"சரி, உயரத்தயாச்சும் ஏத்திக் குடுங்க. பனியில அடி தட்டுது."

கொழுந்தன் கன்ஜிக்குச் சொந்தமாக ஒர்க்‌ஷாப்பே இருந்தது. ஒரு நாள் வேலை. அவன் பல்லைக் குத்திக்கொண்டே சொன்னான்: "அண்ணன் எறக்குனத நான் ஏத்துறதா? மெதுவா ஓட்டுங்க அண்ணி, ஒண்ணும் ஆகாது."

ஆக, புருஷன் செத்த சீட்டிலேயே உட்கார்ந்து அவள் தினமும் வேலைக்குப் போய் வந்தாள். பஸ் நின்றுபோய்ப் பல வருடம். நடந்தால் இரண்டு மணி நேரம். வேறு என்ன செய்வாள்?

அன்றைக்குப் புயல் வருகிறது என்று கூடத்தைச் சீக்கிரமே மூடிவிட்டார்கள். மிசாவோ கிளம்பும்போது மணி இரண்டு இருபது. ஏரியை ஒட்டிய நேர்ச்சாலைக்கு வந்தபோது காற்று கிளம்பியது. அங்கே காற்றை மறைக்க ஒரு மரமும் கிடையாது. சாலையின் ஓரத்தைக் காட்ட உயரத்தில் தொங்கும் சிவப்பு அம்புக்குறிகள் மட்டும்தான் துணை. ஒன்று தெரிந்தது. அடுத்தது மங்கலாகத் தெரிந்தது. அதற்கடுத்தது தெரியவில்லை. மேலும் வெள்ளை, கீழும் வெள்ளை.

காரின் மூக்கு எதிலோ புதைந்தது. அடிவயிறு பனிமேல் ஏறி உட்கார்ந்துகொண்டது. சக்கரங்கள் அந்தரத்தில் வெறுமனே சுற்றின. உயரமான வண்டி என்றால் தாண்டியிருக்கும். மிசாவோ ரியோஹெய்யை வாய்விட்டுத் திட்டினாள். செத்தவன் என்று பார்க்கவில்லை.

மண்வாரியோடு இறங்கிப் புகைக்குழாயைச் சுற்றித் தோண்டினாள். திரும்பி வந்து உட்கார்ந்தபோது விரல் இருக்கிறதா இல்லையா என்றே தெரியவில்லை. போனில் சிக்னல் எடுக்கவில்லை. என்ஜினை அணைத்தால் குளிர் கொல்லும். அணைக்காவிட்டால்... அது அவளுக்குத் தெரியாதா என்ன? அஞ்சு நிமிஷம் சூடேறட்டும், அப்புறம் அணைத்துவிடலாம் என்று நினைத்தாள். ரியோஹெய்யும் இதையேதான் நினைத்திருப்பான்.

கண் சொருகியது.

அவளை எழுப்பியது அந்தச் சத்தம்.

கர்ர்... கர்ர்...

பழகின சத்தம். கார் ஓடும்போது தினமும் கேட்பது. அரைத்தூக்கத்தில், வீட்டுக்குப் போய்க்கொண்டிருக்கிறோம் என்றே நினைத்தாள். அப்புறம்தான் உறைத்தது. கார் நின்றுகொண்டிருக்கிறது.

கார் நிற்கிறது. உரசல் மட்டும் நகர்கிறது.

முதலில் பெடலுக்குக் கீழே. பிறகு சரியாக அவள் உட்கார்ந்திருந்த இடத்துக்குக் கீழே. ஒரு பூனைகூட நுழைய முடியாத இடம் அது. கார் பனிமேல் படுத்துக் கிடக்கிறது. நடுவில் இடைவெளியே இல்லை.

கர்ர்... அவள் தொடைக்குக் கீழே தகரம் லேசாக அதிர்ந்தது.

தலை பாறையாகக் கனத்தது. வாந்தி வந்தது. காலை மேலே தூக்கிக்கொண்டாள். "யாரது?" என்று கத்தினாள். குரல் வரவில்லை.

உரசல் பின் சீட்டைத் தாண்டிப் போனது. டிக்கிக்குக் கீழே போனது. அங்கே நின்றது.

பிறகு வேறு சத்தம்.

ச்ச்... ச்ச்... ச்ச்...

யாரோ தோண்டுகிறார்கள். மண்வாரி உள்ளேதான் இருக்கிறது, அவள் காலடியில். இது மண்வாரியின் சத்தம் இல்லை. இன்னும் சின்ன சத்தம். வேகமான சத்தம்.

திடீரென்று நின்றது.

காரின் இடது பக்கமாக எதுவோ முன்னால் வந்தது. காலடிச் சத்தம் இல்லை.

பக்கத்து சீட் கண்ணாடியைப் பனி மூடியிருந்தது. அதில் ஓர் உள்ளங்கை அளவுக்குப் பனி துடைக்கப்பட்டது. வெளியிலிருந்து.

அந்த வட்டத்துக்குள் வெள்ளை மட்டும்தான் தெரிந்தது.

டக்.

கதவின் கைப்பிடி.

மிசாவோ பாய்ந்து பூட்டை அழுத்தினாள்.

டக்... டக்...

"போ!" என்று அலறினாள். "போயிடு!"

டக்...

அப்புறம் இல்லை.

எவ்வளவு நேரம் அப்படியே சுருண்டு கிடந்தாள் என்று அவளுக்குத் தெரியாது. தலைக்கனம் மெல்லக் குறைந்தது. மூச்சு சீரானது. அப்போதுதான் பயத்தைவிடப் பெரிய பயம் ஒன்று வந்தது. புகைக்குழாய்! தன் பக்கத்துக் கதவை உதைத்துத் திறந்து, காரைப் பிடித்துக்கொண்டே பின்னால் போனாள்.

காரின் பின்பக்கம் கூரை வரை புதைந்திருந்தது. புகைக்குழாய்க்கு முன்னால் மட்டும் முழங்கை ஆழத்துக்கு ஒரு குழி. அதன் வழியாகப் புகை தாராளமாக வெளியேறிக்கொண்டிருந்தது. குழியின் சுவர்களில் விரல் தடங்கள். ஒல்லியான விரல்கள். சில தடங்களில் பனி ரோஸ் நிறமாக இருந்தது.

சுற்றிலும் ஒரு காலடித் தடம் கிடையாது.

என்ஜினை அணைத்தாள். உள்ளே உட்கார்ந்து நடுங்கினாள். நாலு மணி சுமாருக்கு மஞ்சள் விளக்கு ஒன்று சுழன்று சுழன்று வந்தது. பனி வாரும் வண்டி. அதை ஓட்டிவந்த முரானாகா, மீசை எல்லாம் பனியோடு இறங்கி ஓடி வந்தார்.

"உசுரோட இருக்கியாம்மா? நல்லவேளை! இந்த மாதிரி குட்டைக் கார் பனிக்குள்ள இருந்தா எங்களுக்கு எங்க தெரியுது? அப்படியே மேல ஏத்தியிருப்பேன். அந்தப் பொண்ணு மட்டும் கையக் காட்டலேன்னா..."

"எந்தப் பொண்ணு?"

"உங்கூட வந்தவதான். ரோட்டு நடுவுல நின்னாளே. இந்தக் குளிர்ல கையில உறைகூட இல்ல. பைத்தியக்காரி. எங்க அவ, உள்ள வந்துட்டாளா?"

உள்ளே மிசாவோ மட்டும்தான் இருந்தாள். அவர் விளக்கை அடித்து ஒரு சுற்றுத் தேடினார். அவளை வீட்டு வாசலில் இறக்கிவிட்டு, டீகூடக் குடிக்காமல் போய்விட்டார்.

வீட்டில் மாமியாரும் கன்ஜியும் அடுப்பைச் சுற்றி உட்கார்ந்து மீன் குழம்பு சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். தேட ஒருத்தரும் கிளம்பவில்லை. மிசாவோ நின்றபடியே நடந்ததைச் சொன்னாள். உரசலைச் சொன்னபோது கன்ஜி சிரித்தான். விரல் தடத்தைச் சொன்னபோது சிரிப்பு நின்றது. முரானாகா சொன்னதைச் சொன்னபோது கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டான்.

"சொல்லாதடா" என்றாள் தோமெ.

மிசாவோ அவனையே பார்த்தாள். "என்னத்த சொல்லக் கூடாது?"

"அண்ணன் அன்னிக்குத் தனியா இல்ல அண்ணி."

தோமெ முறைத்தாள். கன்ஜி நிறுத்தவில்லை.

"பக்கத்து டவுன்ல சாராயக் கடையில பரிமாறிட்டு இருந்தவ. ரெண்டு வருஷமாப் பழக்கம். வண்டிய இழுக்கப் போனது நானு. காரக் கிளப்புனப்பதான் பாத்தேன். பின்னால... குழாய்கிட்ட, பனிக்குள்ள குப்புறக் கெடந்தா. பாதி ஒடம்பு காருக்கு அடியில, அவ தோண்டின குழிக்குள்ள. விரல்ல நகமே இல்ல. அண்ணனக் காப்பாத்தத்தான் எறங்கித் தோண்டியிருக்கா. அவங்க ஊர்க்காரங்க வந்து தூக்கிட்டுப் போனாங்க. நாங்க யார்கிட்டயும் மூச்சு விடல."

மிசாவோவுக்கு அழுகை வரவில்லை. வயிறுதான் எரிந்தது. ரெண்டு வருஷம்! தன் காசு, தன் காலம், தன் துக்கம், எல்லாமே இவர்களுக்கு இளக்காரம். இருந்தாலும் கேட்டாள்.

"தோண்ட முடியலன்னா திரும்ப உள்ள ஏறியிருக்கலாமே. ஏன் வெளியவே கெடந்து செத்தா?"

கன்ஜி அம்மாவைப் பார்த்தான். அம்மா கிண்ணத்தைப் பார்த்தாள்.

"கதவு உள்ளேர்ந்து பூட்டியிருந்துச்சு அண்ணி. நாலும்."

"குளிருக்குப் பூட்டியிருப்பான்" என்றாள் தோமெ. "தூக்கக் கலக்கத்துல..."

மிசாவோ மறுநாளே அந்த வீட்டை விட்டு வெளியேறினாள். கன்ஜி இழுத்துவந்து போட்ட கார் இன்னும் அந்த வீட்டு வாசலில்தான் பனிக்குள் கிடக்கிறது. யாரும் எடுப்பதில்லை. இப்போது அவள் கூடத்துக்கு மேலேயே ஓர் அறையில் இருக்கிறாள். இதை என்னிடம் சொன்ன அன்று, கையிலிருந்த சிப்பிக் கத்தியை மேசையில் வைத்தாள்.

"என் புருஷன எடுத்துக்கிட்டவ. அவள நான் மன்னிக்கல" என்றாள். "எனக்காகத் தோண்டினாளா, அவன் இன்னும் உள்ள இருக்கான்னு நெனச்சுத் தோண்டினாளா, அதுவும் தெரியல. தோண்டி முடிச்சிட்டு வந்து கதவ இழுத்தா. ரெண்டாந்தடவையா."

கத்தியை மறுபடி எடுத்துக்கொண்டாள்.

"நானும் பூட்டிட்டேன்."