குழிக்கு மேல் ஒரு ரேஷன் கார்டு

இல்லாத வீட்டின் வாசலில் ஆளை நிறுத்தி போட்டோ எடுத்திருக்கிறீர்களா? நான் எடுத்திருக்கிறேன். இன்ஜினியரிங் முடித்து, நெய்வேலியில் கான்ட்ராக்டில் சேர்ந்த முதல் வாரமே.

ரேஷன் கார்டெல்லாம் ஸ்மார்ட் கார்டாக மாறிய சமயம். போலி கார்டைப் பிடிக்க ஓர் ஆப் கொடுத்தார்கள். கார்டில் உள்ள முகவரிக்குப் போய், வாசலில் ஆளை நிறுத்தி போட்டோ எடுக்க வேண்டும். இடம் பொருந்தினால் பச்சை. இல்லையென்றால் சிவப்பு, அடுத்த மாதம் அரிசி கிடையாது. செம ஐடியா என்று கெத்தாகத்தான் கிளம்பினேன்.

என் லிஸ்டில் இருந்த அஞ்சலை அக்கா டவுன்ஷிப் குவார்ட்டர்ஸ்களில் பாத்திரம் தேய்ப்பவர். இருப்பது ஒரு கொட்டகையில். கார்டில் இருந்ததோ, நிலக்கரிச் சுரங்கம் தோண்ட எடுத்துக்கொண்டுவிட்ட ஊரின் வடக்குத் தெரு. ஆப்புக்குள் இருந்தது பழைய மேப். அதில் அந்த ஊர் அப்படியே இருந்தது.

சூப்பர்வைசருக்கு போன் அடித்தேன். "சார், அந்த ஊரே இல்ல. அட்ரஸ் மாத்திடலாமா?"

"மாத்துனா கார்டு முடங்கிடும்டா. புதுசு வர்ற வரைக்கும் உங்கப்பாவா அரிசி போடுவாரு? போய் போட்டோ எடு."

மறுநாள் காலை, பனிக்குள் அக்காவோடு சுரங்கக் கரைக்குப் போனேன். வேலிக்கு அந்தப் பக்கம் பள்ளம். அடி தெரியவில்லை. கீழே எங்கோ மெஷின் மண்ணை அறுக்கும் சத்தம் மட்டும்.

"தம்பி, இந்தாண்ட வா. மல்லிகா வூட்டு அடுப்பு மேல நின்னுகினு இருக்க."

சிரித்தேன். அக்கா சிரிக்கவில்லை. நகர்ந்துவிட்டேன்.

"உங்க வீடு எங்கக்கா?"

வேலிக்கு அப்பால், பனிக்குள் கை நீட்டினார். "அதோ, கதவு தெரியல?"

ஆப்பில் என் நீலப் புள்ளி வேலியோரம் நின்றது. சிவப்பு.

"அரிசி நின்னுபோச்சுன்னா புள்ளைங்களுக்கு என்னத்த ஆக்கிப் போடுவேன்?" என்றவர், செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார். வேலியை ஒட்டிப் போய், தாழ்ந்த வாசலில் நுழைவது மாதிரி தலையைக் குனிந்து நின்றார். "ம், எடு."

நான் அசையவே இல்லை. புள்ளி அசைந்தது. வேலியைத் தாண்டி, பள்ளத்துக்கு மேல் மெதுவாகப் போய் நின்றது. பச்சை.

அமுக்கினேன்.

சிக்னல் ஆடினால் புள்ளி நகரும், எனக்கும் தெரியும். ஆனால் குனிந்து பார்த்தபோது என் காலிலும் செருப்பு இல்லை. அக்காவின் செருப்புக்குப் பக்கத்தில், ஜோடியாக இருந்தது. எப்போது கழற்றினேன் என்று ஞாபகமில்லை.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான்: சிவப்பு வந்ததும் சப்மிட் கொடுத்துவிடாதீர்கள். வீடு எங்கே என்று ஆளிடம் கேளுங்கள்.

அக்கா இந்த மாத அரிசியையும் வாங்கிவிட்டார். மேப்பில் வீடு அங்கேயேதான் இருக்கிறது.