மச்சாளுக்காகத் திருத்திய கார்

பெயின்ற் மணம். அந்த வருடங்களில் எங்கள் வீட்டில் கறி மணத்தைவிட அதுதான் தூக்கலாக இருந்தது... இவருடைய சட்டையில், தலைமயிரில், தலையணை உறையில்கூட.

2003. ஜேர்மனியில் வுப்பர்டால். ஊரில் சண்டை நின்று, பாதை திறந்து, சனம் போவதும் வருவதுமாக இருந்த நேரம். என் மனுசன் மட்டும் வேலை முடிந்ததும் ஒரு கிழட்டுக் காருக்குக் கீழே போய்ப் படுத்துவிடுவார்.

இவருக்குக் கார் உடல் திருத்தும் கராஜில் வேலை. பின்கொட்டிலில் ஒரு பழைய அமெரிக்க லிமோசின் துருப்பிடித்துக் கிடந்தது. "ஏலுமெண்டா திருத்தி நீயே வைச்சிரு" என்று முதலாளி கொடுத்துவிட்டார்.

முப்பதுகளில் செய்த கார். அந்தக் காலத்துப் பெரும் பணக்காரர் கொம்பனியிடம் எஞ்சினையும் அடிச்சட்டத்தையும் மட்டும் வாங்கி, மேலுடலைத் தனிப் பட்டறையில் தங்கள் விருப்பப்படி கட்டுவிப்பார்களாம். அதனால் அதைப்போல் இன்னொன்று உலகத்தில் இல்லை. கேட்க நன்றாகத்தான் இருக்கும்... ஆனால் ஒரு கதவுப்பிடி உடைந்தால் வாங்கக் கடை இல்லை. எல்லாம் கையால் செய்ய வேண்டும். தகரத்துக்குள்ளே இருந்த மரச்சட்டம் முழுக்க உக்கிப் போயிருந்தது.

நான் அதற்குச் சக்களத்தி என்றுதான் பெயர் வைத்திருந்தேன்.

இவ்வளவு பாடும் இவருடைய அக்காவுக்காக. என் மச்சாள் தவமணி. தாய் தகப்பன் இல்லாத இவரை வளர்த்து ஆளாக்கியவர். அவருடைய கலியாணத்தன்று சண்டைக்காலத் தடையால் யாழ்ப்பாணத்தில் பெற்றோல் இல்லை. பட்டுச் சேலையோடு சைக்கிள் பாரில் இருந்து கோயிலுக்குப் போனாராம். உழக்கியது இவர். பாதி வழியில் செயின் கழன்று சேலையெல்லாம் கிறீஸ்.

அது இவருக்கு ஆறவே இல்லை. அக்கா பிராங்பேர்ட் விமான நிலையத்தில் வந்து இறங்கினால் இந்தக் காரில்தான் வீட்டுக்கு வரவேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றார்.

மச்சாள் கிளிநொச்சியிலிருந்து போன் எடுப்பார். "தம்பி, எப்படா என்னைக் கூப்பிடுறாய்? பஸ்ஸில கூட்டிக்கொண்டு போனாலும் எனக்குக் காணும்."

"கொஞ்சம் பொறுங்கோ அக்கா. பின் சீற்றுத் துணி வந்திட்டா முடிஞ்சுது."

துணி வந்தது. பிறகு கண்ணாடி. பிறகு கதவுப்பிடி.

"உங்கட அக்கா கதவுப்பிடியைப் பாக்கவே இவ்வளவு தூரம் வாறா?" என்று ஒருநாள் வெடித்தேன்.

"உமக்கு விளங்காது" என்றார். உண்மையாகவே எனக்கு விளங்கவில்லை. இன்றுவரைக்கும்தான்.

2006இல் திரும்பவும் சண்டை மூண்டு பாதை பூட்டுப்பட்டது. மச்சாள் உள்ளே.

கார் அதற்கு அடுத்த வசந்தத்தில் முடிந்தது. அழகு என்றால் அப்படி ஓர் அழகு... கறுப்பும் கடும் சிவப்பும். முன்னால் சாரதிக்குத் தோல் இருக்கை, பின்னால் சாம்பல் கம்பளித் துணி, நடுவில் ஏற்றி இறக்கும் கண்ணாடி. இவர் பின் சீற்றில் ஒருவரையும் இருக்க விடவில்லை. சின்னவளாக இருந்த எங்கள் மகளைக்கூட.

2009இல், கடைசிச் சண்டையில், ஷெல் விழுந்து மச்சாள் செத்துப்போனார். முகாமுக்கு வந்து சேர்ந்த ஒரு சொந்தக்காரர்தான் சொன்னார். உடலைக்கூட யாரும் எடுக்கவில்லை.

கோயிலில் கிரியை முடித்த மறுவாரம், "வாரும், ஒரு இடத்துக்குப் போட்டு வருவம்" என்றார். அந்தக் காரில் பிராங்பேர்ட் போனோம். நானும் முன்னால்தான் இருந்தேன். நிறுத்துமிடத்தில் வெள்ளைக்காரர் சுற்றி நின்று படம் எடுத்தார்கள். இவர் எல்லோருக்கும் மரியாதையாக நன்றி சொன்னார்.

கொழும்பிலிருந்து வந்த சனம் பெட்டிகளோடு வெளியே வந்தது. கடைசி ஆள் வரும்வரைக்கும் கதவடியில் நின்றார். பிறகு வந்து காரின் பின்கதவைத் திறந்தார். கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டு நின்றார். மூடினார்.

எனக்கு இவரில் கோபம் இருந்தது. அன்றைக்கு அது எங்கே போனதென்று தெரியவில்லை.

இப்போது அந்தக் கார் தமிழ்க் கலியாணங்களுக்கு ஓடுகிறது. கோட் சூட்டோடு இவரே சாரதி. கலியாணப் பொம்பிளைகள் பின்னால் இருந்து செல்ஃபி எடுக்கிறார்கள். அந்தக் காலத்தில் ஒரு குரல் கேட்கப் போன் கடை வாசலில் காத்துக் கிடந்தது சனம்... இப்போது நினைத்த நேரத்தில் போனிலேயே முகம் பார்க்கலாம்.

போன மாதம் மகள் ஸ்டுட்கார்ட்டில் வேலை கிடைத்துப் புது வீட்டுக்குப் போனாள். இந்த நாட்டில் வாடகை வீட்டுக்குக் குசினி அடுப்பு, அலுமாரியையும்கூட நாங்களேதானே வாங்கிப் பூட்ட வேண்டும். அது வர இரண்டு மூன்று மாதம் செல்லுமாம்.

"அப்பா, இஞ்ச ஒண்டும் ஒழுங்கா இல்லை. குசினி பூட்டி முடியட்டும், பிறகு வாங்கோ" என்றாள்.

இவர் போனை வைத்தார். ஜக்கெற்றை எடுத்துப் போட்டார். "இனி ஒண்டுக்கும் பொறுக்கேலாது, வெளிக்கிடும்" என்றார் என்னிடம். அடுத்த ரெயினைப் பிடித்தோம்.

மகள் திகைத்துப் போனாள். மேசை இல்லை, கதிரை இல்லை. கட்டிக்கொண்டு போன புட்டையும் சம்பலையும் நிலத்தில் பேப்பர் விரித்து மூவரும் சாப்பிட்டோம். பாதியில் இவர் குனிந்து அழத் தொடங்கினார்.

மகள் உறைப்பாக்கும் என்று நினைத்துத் தண்ணீர் எடுக்க ஓடினாள். கிளாஸ் எந்தப் பெட்டிக்குள் கிடக்கிறதென்று அவளுக்கும் தெரியவில்லை.